பொன்வண்டும் ஏலக்காயும்: செல்போன் திரையில் ஒரு பச்சை

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலைச்சரிவில் விளைவதும் ஏலம். அதைக் கீழே கொண்டுவந்து விற்பதும் ஏலம். முன்பெல்லாம் விலையைக் கூவிக் கேட்பார்கள். இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து, பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. காயின் மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, அதன் பருமனையும் பச்சையையும் பார்த்த பிறகே அனுபவமுள்ள வியாபாரி விலையைப் பற்றி நினைப்பார். பச்சை குறைந்தால் விலையும் குறையும்.

இந்தப் பச்சையால் என் மாணவர் ஒருவரின் வீட்டில் ஒரு வருத்தம் நேர்ந்தது. போடிமெட்டுக்கு அப்பால் அவர்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. பறித்த காயை ஸ்டோரில் உலர்த்தி முடித்ததும் அவருடைய தந்தை அதைச் செல்போனில் படம் எடுத்து, ஊரில் தெரிந்த ஒரு வியாபாரிக்கு அனுப்பினார். நல்ல விலை பேசி முடிந்தது. மறுநாள் மூட்டை ஜீப்பில் இறங்கியது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். "என்னண்ணே, படத்துல ஒரு காயைக் காட்டி மூட்டையில வேற காயைக் கொண்டாந்துட்டீங்களே" என்றார். விலை குறைந்தது ஒருபுறம் இருக்க, இத்தனை ஆண்டுகள் நேர்மையாகத் தொழில் செய்தவருக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது.

அந்த மாணவர் இரண்டு செல்போன்களோடு என்னிடம் வந்தார். ஒரே படம்தான். ஒன்றில் காய் இளம்பச்சையாக, உள்ளபடி தெரிந்தது. மற்றொன்றில் கிளிப்பச்சையாக மின்னியது. அந்தப் போனைச் சற்றுச் சாய்த்தால் பச்சை வேறு விதமாக மாறியது. "சார், எங்க அப்பா பொய் சொல்லலை. அப்ப பொய் சொன்னது எது?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. மாணவ நண்பர்களே, அதற்கான விடையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

இரண்டு வகைப் பச்சை

உங்களில் பலர் பொன்வண்டைப் பார்த்திருப்பீர்கள். தீப்பெட்டியில் வைத்து, கருவேல இலை போட்டு வளர்த்தவர்களும் இருக்கலாம். அதன் முதுகு பச்சையாகப் பளபளக்கும். கையில் வைத்து மெல்லத் திருப்பினால் அந்தப் பச்சை நிறம் மாறும். இப்போது ஓர் ஏலக்காயை எடுத்து அதேபோலத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதே பச்சைதான்.

காரணம் இதுதான். ஏலக்காயின் பச்சை ஒரு நிறமியால் வருவது. பச்சையம் என்னும் அந்தப் பொருள் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. பொன்வண்டின் பச்சையோ அமைப்பால் வருவது. அதன் இறக்கை உறையில் மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேருகின்றன. பச்சை அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்ற அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சோப்புக் குமிழியில் தோன்றும் வண்ணங்களும், மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயில் தோன்றும் வண்ணங்களும் இவ்வகைக் குறுக்கீட்டு விளைவால் வருபவையே.

இன்றைய செல்போன் திரைகள் பலவற்றில் இந்தப் பொன்வண்டு வித்தை ஒளிந்திருக்கிறது.

புள்ளியே விளக்கு

திரைகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று திரவப் படிகத் திரை. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் இருக்கும் புள்ளிகள் சிறு சன்னல்களைப் போலத் திறந்து மூடி ஒளியை விடும் அல்லது தடுக்கும். மற்றொன்று ஓஎல்இடி எனப்படும் கரிம ஒளியுமிழ் டையோடுத் திரை. இதில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்கு. கருப்பு வேண்டிய இடத்தில் அந்த விளக்கு அணைந்துவிடும்.

இவ்விளக்கின் அமைப்பு எளிது. ஒரு நேர்மின்வாய், ஓர் எதிர்மின்வாய், இரண்டுக்கும் நடுவே கார்பன் சேர்மங்களாலான மெல்லிய படலங்கள். எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வருகின்றன. நேர்மின்வாயிலிருந்து மின்துளைகள் வருகின்றன. நடுவில் இரண்டும் சந்திக்கும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி ஒளியாகிறது.

அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் ஆய்வாளர்களான சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவரும் 1987-ல் இத்தகைய டையோடு ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு கரிமப் பொருள்களை ஒளிரச் செய்ய மிக உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. அவர்களுடைய டையோடு 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிர்ந்தது. இருந்தும் உள்ளே செலுத்திய நூறு எலக்ட்ரான்களுக்கு ஏறத்தாழ ஓர் ஒளித்துகளே வெளியே கிடைத்தது. மற்றவை எங்கே போயின?

உள்ளேயே சிக்கிய ஒளி

குறைந்த விளைவுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதுதான் முழு அக எதிரொளிப்பு.

கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.7. ஆகவே அதன் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 36 பாகை. செங்குத்துக் கோட்டிலிருந்து 36 பாகைக்குள் செல்லும் கதிர்கள் மட்டுமே காற்றுக்குள் வெளியேறும். அதைவிடச் சாய்ந்து செல்லும் கதிர்கள் எதிரொளித்து உள்ளேயே திரும்பிவிடும். கிணற்றுக்குள் மூழ்கி மேலே பார்ப்பவருக்கு வெளியுலகம் ஒரு வட்டத்துக்குள் தெரிவதும் இதே விதியால்தான்.

பின்புறம் ஒரு கண்ணாடியை வைத்து ஒளி முழுவதையும் முன்பக்கம் திருப்பிவிட்டாலும், கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் வெளியேறும். மீதி நான்கு பங்கு உள்ளேயே அலைந்து வெப்பமாகப் போய்விடும், அல்லது ஓரங்களின் வழியே கசிந்துவிடும். மின்கலத்தின் ஆற்றலில் எவ்வளவு வீண் பாருங்கள்! அதிகாலையில் போடியிலிருந்து ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் ஒருவருக்கு, ஒரு முறை ஏற்றிய மின்சாரம் நாள் முழுவதும் நிற்க வேண்டுமல்லவா?

இன்னொரு குறையும் இருந்தது. கரிமப் பொருள்கள் உமிழும் நிறம் தூய்மையானதன்று. டாங் குழுவினர் பயன்படுத்திய அலுமினியச் சேர்மத்தின் ஒளி 530 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெற்றாலும், இருபுறமும் நீலம், மஞ்சள் வரை பரவியிருந்தது. அது வெளிறிய பச்சை.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தணிக்கும் வழிதான் ஒளியியல் நுண்குழி.

சலூன் கண்ணாடியும் கட்டிய கயிறும்

முடிதிருத்தும் நிலையத்தில் முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். நடுவில் அமர்ந்தால் உங்கள் உருவம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணற்ற தடவை தெரியும். ஒளி இரு கண்ணாடிகளுக்கும் இடையே திரும்பத் திரும்பச் சென்றுவருவதே காரணம். அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவே சில மீட்டர் தூரம் இருக்கும். அந்த இடைவெளியை ஒளியின் அலைநீள அளவுக்குக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்?

இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு கயிற்றை இறுகக் கட்டி அசைத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் அசைத்தாலும் அது ஒழுங்காக ஆடாது. முழு நீளத்திலும் ஓர் அரை அலை, அல்லது இரண்டு அரை அலைகள், அல்லது மூன்று எனச் சரியாகப் பொருந்தும்போதுதான் கயிறு பெரிதாக எழும்பி ஆடும். இதுவே ஒத்ததிர்வு. இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட ஒளிக்கும் இதே நிலைதான். இடைவெளியில் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் பொருந்தும் நிறம் வலுப்பெறுகிறது. பொருந்தாத நிறம் நலிகிறது. பிரான்ஸ் நாட்டின் சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்ற இரு இயற்பியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வாறு இரு கண்ணாடிகளைக் கொண்ட கருவியை அமைத்தார்கள். அவர்களுடைய கருவியைச் சுருக்கி டையோடுக்குள் வைத்தது போன்றதுதான் நுண்குழி.

டையோடில் இதற்கென்று தனியாக இடம் தேட வேண்டியதில்லை. பின்னால் உள்ள மின்வாய் முழுக் கண்ணாடியாகிறது. முன்னால் உள்ள மின்வாயை மக்னீசியமும் வெள்ளியும் கலந்து 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனில் அமைத்தால் அது அரைக் கண்ணாடியாகிறது. அதாவது ஒளியில் ஒரு பகுதியை வெளியே விட்டு மறு பகுதியை உள்ளே திருப்பும்.

சிறிது கணக்கு

கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தடிமன் த என்றும், ஒளிவிலகல் எண் 1.7 என்றும் கொள்வோம். பொருளுக்குள் அலைநீளம் 1.7 மடங்கு சுருங்கிவிடும். ஓர் அரை அலை பொருந்த வேண்டுமானால்,

2 × 1.7 × த = அலைநீளம்

பச்சைக்கு 530 நானோமீட்டர் என்று வைத்தால், த ஏறத்தாழ 156 நானோமீட்டர். சிவப்புக்கு 620 என்று வைத்தால் 182. நீலத்துக்கு 460 என்று வைத்தால் 135. (உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது அலை சற்று உள்ளே புகுந்து மீள்வதால் உண்மையான தடிமன் இதிலிருந்து கொஞ்சம் மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.)

ஒரு தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அதை ஐந்நூறு கூறாக்கினால் ஒரு கூறுதான் நம் பச்சைக் குழி. அதில் 26 நானோமீட்டர் கூடினால் சிவப்பு. 21 குறைந்தால் நீலம்! தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே பொருள், வெவ்வேறு நிறம்

1990-களின் தொடக்கத்தில் இத்துறையில் ஆய்வுகள் வேகம் பெற்றன. 1993-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கரிம டையோடுகளை நுண்குழிக்குள் வைத்து அவற்றின் ஒளியைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆனந்த் தொடபாலாபூரும் அவருடைய குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். இவர் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து, பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது நாம் மேலே கண்ட அதே வெளிறிய பச்சை உமிழும் அலுமினியச் சேர்மம். அதன் ஒளி பரந்துபட்டது என்பது அதுவரை ஒரு குறை. அந்தக் குறையையே அவர்கள் பயனாக்கிக்கொண்டார்கள். பொன்வண்டின் இறக்கை உறையைப் போலவே இரு வகைப் படலங்களை மாறி மாறி அடுக்கி ஒரு கண்ணாடி செய்தார்கள். எதிர்ப்புறம் உலோகக் கண்ணாடி. நடுவே ஓர் இடைப் படலத்தின் தடிமனை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றினார்கள். உமிழும் பொருள் எங்கும் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் நீலச்சாயல், ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் சிவப்பு என வெவ்வேறு நிறங்கள் கிடைத்தன. நிறத்தைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமன்று, அது இருக்கும் அறையின் அளவும்தான் என்பது இதனால் விளங்கியது.

இந்தக் கருத்து சந்தைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. 2007-ன் இறுதியில் ஜப்பானில் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 11 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சியில் நுண்குழி அமைப்பு இருந்தது. பின்னர் வந்த செல்போன் திரைகளில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்குத் தனித்தனிப் பொருளும், தனித்தனித் தடிமன் கொண்ட குழியும் அமைப்பது வழக்கமாயிற்று.

கூடுதல் ஒளி எங்கிருந்து வந்தது?

இங்கே கவனமான மாணவர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று படித்தோமே. இரண்டு கண்ணாடிகளை வைத்ததும் வெளிச்சம் எப்படிக் கூடும்?"

கண்ணாடி புதிய ஒளியை உண்டாக்குவதில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீர் அதேதான். மடையை எங்கே திறக்கிறோம் என்பதே வேறுபாடு. எல்லாப் பக்கமும் சிதறி, உள்ளே சிக்கி வீணாகவிருந்த ஒளியில் ஒரு பகுதியை நுண்குழி நேர்முன்னே திருப்பிவிடுகிறது. அதாவது செல்போனைப் பார்க்கும் கண் இருக்கும் திசைக்கு அனுப்புகிறது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒளி பிறந்த பிறகு குழி அதை வடிகட்டுகிறது என்று மட்டும் நினைக்கக்கூடாது. ஒரு மூலக்கூறு ஒளியை உமிழும் வேகமே அதன் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்று எட்வர்ட் பர்சல் என்ற இயற்பியலாளர் 1946-ல் சுட்டிக்காட்டினார். குழியில் பொருந்தும் அலையை மூலக்கூறு விரைவாக உமிழும். பொருந்தாததை உமிழத் தயங்கும். கரிம டையோடுகளில் இந்த விளைவு மிதமானதே. எனினும் அது உண்டு.

பயன்கள் மூன்று. முன்பக்க வெளிச்சம் கூடுகிறது. நிறம் தூய்மையாகிறது. அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்னோட்டம் போதுமாகையால் மின்கலம் நெடுநேரம் நிற்பதோடு கரிமப் பொருளும் மெதுவாகவே நலிகிறது.

சாய்த்தால் ஏன் மாறுகிறது?

எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு. நுண்குழி நேர்முன்னே ஒரு நிறத்துக்குப் பொருந்துமாறு அமைக்கப்படுகிறது. பக்கவாட்டில் செல்லும் ஒளிக்கு அதே பொருத்தம் அமையாது.

உழுத நிலத்தில் படைச்சாலின் குறுக்கே நேராக நடந்தால் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையே ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். சாய்வாக நடந்தால் அடுத்த சாலை அடைய ஓரடிக்கு மேல் நடக்க வேண்டும். அதாவது சாய்வான திசையில் சால்களின் இடைவெளி நீண்டு தெரிகிறது. ஒளியலையின் முகடுகளும் படைச்சால்களைப் போன்றவையே. குழிக்குள் அலை சாய்வாகச் செல்லும்போது, கண்ணாடிக்குக் கண்ணாடி நேராக அளந்தால் அதன் முகடுகளின் இடைவெளி நீண்டுவிடுகிறது. நீண்ட அலை அந்தக் குழியில் பொருந்தாது. ஆகவே அதே குழியில் பொருந்த வேண்டுமானால் முதலிலேயே குட்டையான அலையாக இருக்க வேண்டும். குட்டை அலை என்றால் நீலத்தின் பக்கம்.

எண்ணாகப் பார்ப்போம். நேராகப் பார்க்கும்போது 530 நானோமீட்டருக்குப் பொருந்தும் நம் குழியை 30 பாகை சாய்த்துப் பார்த்தால் 507-க்குப் பொருந்தும். 60 பாகை சாய்த்தால் 456. அது நீலம்! ஸ்நெல் விதியைக் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம். முதலில் பொருளுக்குள் உள்ள கோணத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதன் கொசைனால் 530-ஐப் பெருக்குங்கள்.

உண்மையான செல்போனில் பச்சை நீலமாகவே மாறிவிடுவதில்லை. பச்சைப் புள்ளியில் உள்ள பொருள் நீல ஒளியை அவ்வளவாக உமிழாததால், அந்தக் கோணத்தில் பச்சை சற்று நகர்ந்து மங்குகிறது. சிவப்பும் நீலமும் வெவ்வேறு அளவில் மங்குகின்றன. மூன்றும் கலந்த வெள்ளையில் நீலமோ இளஞ்சிவப்போ சாயல் ஏறுகிறது. பொன்வண்டைத் திருப்பும்போது நிகழ்வதும் இதுவே.

ஆகவே பொறியாளர் ஒரு சமரசம் செய்ய வேண்டியிருக்கிறது. அரைக் கண்ணாடியை வலுவாக்கினால் வெளிச்சமும் தூய்மையும் கூடும். சாய்த்தால் நிறம் அதிகமாக மாறும். அதை வலுவிழக்கச் செய்தால் நேர்மாறு. செல்போனை ஒருவரே நேராகப் பார்ப்பதால் வலுவான குழி ஏற்கும். வீட்டுத் தொலைக்காட்சியைப் பாட்டி ஒரு மூலையிலிருந்தும் தம்பி மற்றொரு மூலையிலிருந்தும் பார்ப்பார்கள். அங்கே வலுவான குழி தொல்லை. ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய படலத்தை மேலே ஒட்டி இந்த மாற்றத்தைக் குறைக்கும் முறைகளும் உள்ளன.

பொய் சொன்னது எது?

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம். தூய பச்சையைத் தரவல்ல திரையில், நிறங்களைத் தூக்கிக்காட்டும் அமைப்பைத் தேர்ந்திருந்தால், இளம்பச்சை கிளிப்பச்சையாகத் தெரியும். வியாபாரியின் போன் அப்படித்தான் இருந்தது. படம் எடுத்த கேமராவும், ஸ்டோரின் மஞ்சள் விளக்கும் தம் பங்குக்கு நிறத்தைச் சிறிது மாற்றியிருக்கலாம். காய் பொய் சொல்லவில்லை. தந்தையும் பொய் சொல்லவில்லை. பச்சையத்தின் பச்சையை நுண்குழியின் பச்சையால் எழுதிக்காட்டியபோது நேர்ந்த பிழை அது.

மாணவர் இரண்டு போன்களையும் ஒரு கைப்பிடி காயையும் எடுத்துக்கொண்டு வியாபாரியின் கடைக்குச் சென்றார். பகல் வெளிச்சத்தில் காயைத் திரைக்கு அருகே வைத்து, போனைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். பிறகு நிற அமைப்பை இயல்பு நிலைக்கு மாற்றிக் காட்டினார். குறைந்த விலை கூடவில்லை. ஆனால் "மாத்திக் கொண்டாந்துட்டீங்க என்று சொன்னது தப்புதான்" என்று வியாபாரி அவருடைய தந்தையிடம் சொல்லியனுப்பினார். இப்போது அவர்கள் படம் எடுக்கும்போது காயின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைக்கிறார்கள். தாள் வெள்ளையாகத் தெரியாவிட்டால் பச்சையையும் நம்ப வேண்டாம் என்பது பேச்சு.

நீங்களும் செய்து பாருங்கள். ஓஎல்இடி திரை உள்ள செல்போனில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மெல்லச் சாய்த்து, எந்தக் கோணத்தில் என்ன சாயல் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரவப் படிகத் திரையிலும் அவ்வாறே செய்து ஒப்பிடுங்கள். பிறகு ஊசி முனையால் ஒரு சிறு நீர்த்துளியைத் திரையில் வைத்தால் அது உருப்பெருக்கியாகி, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள். கடைசியாக ஓர் ஏலக்காயைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லும்.